'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லும் அதன் பல பொருள்களும்

தர்மபுரிப் பக்கம் போர்வெல் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு 'டிரை ரன்' என்பது பழகிய சொல். ஆங்கிலம் படித்திருக்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம். குழாய்க் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிப்போய், மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றினால் அது டிரை ரன். கவனிக்காமல் விட்டால் மோட்டார் சூடேறிக் காயில் கருகிவிடும். அதனால்தான் டிரை ரன் ஆனால் தானாக நின்றுவிடும் வசதியோடு ஸ்டார்ட்டர் பெட்டி வாங்குகிறார்கள்.

2021 ஜனவரியில், கொரோனா தடுப்பூசி போடத் தொடங்குவதற்கு முன்பு, நாடு முழுக்க 'டிரை ரன்' நடந்தது. அங்கே மோட்டாரும் இல்லை, கிணறும் இல்லை. ஊசி மட்டும் போடாமல், பெயர் பதிவதிலிருந்து ஆளை அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனிப்பது வரை எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். தமிழ்ச் செய்திகளில் அதற்கு ஒத்திகை என்று பெயர்.

சொற்கள் இரண்டும் அதேதான். ஓரிடத்தில் அது மோட்டாருக்கு வரும் ஆபத்து, இன்னோரிடத்தில் நல்ல முன்னேற்பாடு. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் சோர்ந்துபோவது இந்த மாதிரி இடங்களில்தான். நீளமான சொற்கள் அவர்களை அவ்வளவாகத் தொல்லை செய்வதில்லை. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான், ஒருமுறை கற்றால் முடிந்தது. 'ரன்', 'செட்', 'கெட்', 'டேக்', 'புட்' என்று மூன்று நான்கு எழுத்தில் அடங்கும் சொற்கள்தான் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு மாறும்? 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. பிறகு அகராதியைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். இந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அந்த 645-ஐ மனப்பாடம் செய்ததில்லை. 'ரன்' என்ன சொல்கிறது என்பதை அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்தே அவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் நமக்கும் ஏற்கெனவே இருக்கிறது, தமிழில்.

'ஓடு' என்ற சொல்லையே பாருங்கள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று, "அண்ணா, ஓசூருக்கு ராத்திரி எத்தனை மணி வரைக்கும் பஸ் ஓடும்?" என்று கேட்கிறோம். கேட்கும் நேரத்தில் பஸ் நின்றுகொண்டிருக்கலாம். 'ஓடும்' என்றால் சேவை உண்டா என்று பொருள். "அந்தப் படம் நாலு வாரம் ஓடுச்சு" என்கிறோம். படம் தியேட்டரை விட்டு நகரவே இல்லை. மோட்டார் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, இரண்டும் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. "பரீட்சை ஹாலில் எனக்கு ஒண்ணுமே ஓடல" என்று ஒரு மாணவி சொன்னால், அவள் காலைப் பற்றிப் பேசவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பொருள்களை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. பஸ் பக்கத்தில் வந்தால் ஒன்று, படம் பக்கத்தில் வந்தால் ஒன்று, மனசு பக்கத்தில் வந்தால் ஒன்று என்று கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டோம். ஒரு சொல் தன் மூலப் பொருளிலிருந்து இப்படிக் கிளைத்துப் பல பொருள் தருவதை மொழியியலில் 'பாலிசெமி' என்பார்கள்.

கூரை ஓடும் முட்டை ஓடும் இதில் சேராது. அந்த 'ஓடு' வேறு சொல், ஒலி மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. அதற்கு 'ஹோமோனிம்' என்று பெயர். நல்ல அகராதியாக இருந்தால் இப்படிப்பட்ட சொற்களை ஒன்று, இரண்டு என்று தனித்தனிப் பதிவாகப் போட்டிருப்பார்கள். கிளைத்த பொருள்கள் ஒரே பதிவுக்குள் வரிசையாக இருக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும், ஏனென்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்டு வளர்ந்த காது அது. கன்னடத்தில் 'ஓடு' என்றால் நம்மைப் போலவே ஓடுவதுதான். தெலுங்கில் 'ஓடிபோயாடு' என்றால் தோற்றுப்போனான். ஓடிப்போய்விட்டான் என்று தமிழ்க் காது எடுத்துக்கொண்டால் கதையே மாறிவிடும். யார், எந்த மொழியில், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்த பிறகே அங்குள்ள பிள்ளைகள் பொருளை முடிவு செய்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வேண்டிய திறமையும் அதுவேதான்.

அடியில் இருக்கும் பொருள்

'ரன்' மிகப் பழைய சொல். ஜெர்மன் மொழியில் அதற்கு உறவான சொற்கள் இரண்டு உண்டு. 'ரென்னன்' என்றால் ஓடுவது, 'ரின்னன்' என்றால் நீர் வழிந்து ஓடுவது. ஆங்கிலச் சொல்லிலும் தொடக்கத்திலிருந்தே இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. ஆகவே 'ரன்' என்றதும் மனிதன் காலால் ஓடுவதை மட்டும் நினைக்காமல், இடையில் அறுபடாமல் போய்க்கொண்டே இருப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பொருள்கள் தாமாகவே வழிக்கு வரும்.

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. "தி ரிவர் ரன்ஸ் த்ரூ கிருஷ்ணகிரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். இது நமக்கு எளிது, ஆறு ஓடும் என்று நாமும் சொல்கிறோம். அடுத்தது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகப் போகிறது. இதற்கும் "தி ரோடு ரன்ஸ் ஃப்ரம் ஸ்ரீநகர் டு கன்னியாகுமரி" என்றுதான் எழுதுவார்கள். சாலை அசையாது, ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் வரை அறுபடாமல் நீண்டு கிடக்கிறது. அது போதும் 'ரன்' வருவதற்கு. நீண்டு கிடப்பது காலமாகவும் இருக்கலாம்: "தி கோர்ஸ் ரன்ஸ் ஃப்ரம் ஜூன் டு ஆகஸ்ட்." ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை வகுப்பு நடக்கும்.

திரவம் வழிகிற இடமெல்லாம் இதே குடும்பம்தான். மூக்கு ஒழுகினால் 'ரன்னிங் நோஸ்'. புதுச் சேலையைத் துவைக்கும்போது சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஒட்டிக்கொண்டால் 'தி கலர் ரேன்'. இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழில் வெயிலில் வெளுத்தாலும் "சாயம் போயிடுச்சு" என்கிறோம், தண்ணீரில் கரைந்து இறங்கினாலும் அதையேதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் வெளுப்பது 'ஃபேட்', இறங்குவது 'ரன்'. துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் இதை மாற்றிச் சொன்னால் வாங்க வந்தவருக்குத் தவறான தகவல் போய்ச் சேரும்.

'ரன்னிங் வாட்டர்' என்பதையும் அப்படியே 'ஓடும் நீர்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டைப் பற்றிப் பேசும்போது அது குழாயில் வரும் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து தலைமுறை தலைமுறையாகப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் குழாய் வழியே வருகிறது. அந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய் வரை வந்திருந்தால் அந்த வீட்டுக்கு 'ரன்னிங் வாட்டர்' இருக்கிறது என்று பொருள்.

ஓடுவதும் ஓட்டுவதும்

தமிழர்கள் 'ரன்' என்ற சொல்லில் தடுக்கி விழும் முக்கியமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தானாக நடப்பதற்கும் ஒருவர் நடக்க வைப்பதற்கும் தமிழில் வேறு வேறு வடிவம் உண்டு. பஸ் ஓடுகிறது, டிரைவர் பஸ்ஸை ஓட்டுகிறார். வேலை நடக்கிறது, மேஸ்திரி வேலையை நடத்துகிறார். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் 'ரன்' இரண்டு வேலையையும் ஒரே வடிவத்தில் செய்துவிடுகிறது. "தி மெஷின் ரன்ஸ்" என்றால் மெஷின் ஓடுகிறது. "ஷி ரன்ஸ் தி மெஷின்" என்றால் அவர் மெஷினை ஓட்டுகிறார். சொல்லில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்று: பின்னால் 'எதை?' என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர்ச்சொல் வந்திருக்கிறது.

ஆகவே 'ரன்' கண்ணில் பட்டதும் முதல் வேலையாக அதற்குப் பின்னால் பாருங்கள். 'எதை?' என்பதற்கு விடை இருந்தால் ஓட்டுவது, நடத்துவது, இயக்குவது என்ற பக்கம் யோசிக்க வேண்டும். விடை இல்லையென்றால் ஓடுவது, போவது, நடப்பது என்ற பக்கம். "தி பல்ப் ஃபேக்டரி ரன்ஸ் ஒன்லி இன் தி மேங்கோ சீசன்" என்றால் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலை ஒன்று சீசனில் மட்டும் இயங்குகிறது. "ஹிஸ் அங்கிள் ரன்ஸ் எ பல்ப் ஃபேக்டரி" என்றால் அவன் மாமா அப்படி ஓர் ஆலையை நடத்துகிறார்.

காவேரிப்பட்டணத்தில் ஓர் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் "ஷி இஸ் ஹேவிங் எ டெய்லரிங் ஷாப்" என்று சொல்லிவிடுவோம். "ஷி ரன்ஸ் எ டெய்லரிங் ஷாப்" என்பதுதான் இயல்பான ஆங்கிலம். கடை அவருக்குச் சொந்தமா, வாடகையா என்பதை இந்த வாக்கியம் சொல்லவில்லை. தினமும் கடையைத் திறந்து, துணி வாங்கி, அளவெடுத்து, கணக்குப் பார்த்து நடத்துவது அவர்தான் என்பதை அது சொல்கிறது. சொந்தம் என்று சொல்ல வேண்டுமானால் 'ஓன்ஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

எதை ஓட்டுகிறோம் என்பதும் பொருளைத் தீர்மானிக்கும். கம்ப்யூட்டரில் புரோகிராமை ரன் செய்வது, ஓசூர் சிப்காட் ஆலைகளில் புது மெஷினுக்கு ட்ரையல் ரன் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் 'ரன் எ டெஸ்ட்' என்று பரிசோதனை செய்வது, பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்வது என்று எல்லாம் இந்தப் பக்கம்தான். கடைசியாகச் சொன்னதற்குச் செய்தியை வெளியிடுவது என்று பொருள்.

கிரிக்கெட்டும் காஸ் சிலிண்டரும்

பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டில்தான் முதலில் அறிமுகமாகிறது. ஸ்டம்புக்கு ஸ்டம்பு ஓடியதால் அதற்கு ரன் என்று பெயர் வந்தது. பிறகு அந்த ஓட்டமே எண்ணிக்கையாக மாறிவிட்டது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் மட்டையடித்தவர் ஓடாமலே நின்றாலும் நான்கு ரன். செயலின் பெயர், அதனால் கிடைக்கும் பலனுக்கும் பெயராகி, கடைசியில் செயலே இல்லாத இடத்திலும் நிலைத்துவிடுகிறது. சொற்கள் பொருள் மாறும் வழிகளில் இது மிகச் சாதாரணமான ஒன்று.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு 'ரன் அவுட்' என்றதும் கை உயர்த்தும் நடுவர்தான் நினைவுக்கு வருவார். வீட்டில் "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் காஸ்" என்றால் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அந்த 'ஆஃப்' என்ற குட்டிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'ரன் அவுட் ஆஃப்' என்று வந்தால் பெரும்பாலும் தீர்ந்துபோவதுதான்: பணம், பெட்ரோல், நேரம், பொறுமை எதுவானாலும்.

இப்படி 'ரன்' பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவது ஆங்கிலத்தில் நிறைய. எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டியதில்லை. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிடுவது. 'ரன் அவே' என்றால் வீட்டை விட்டு ஓடிப்போவது. அதுவே சேர்ந்து பெயரடையாகி 'ரன்அவே லாரி' என்று வந்தால், பிரேக் பிடிக்காமல் கட்டுப்பாடு இழந்து போகும் லாரி. தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது தேவைப்படும். 'ரன் இன்டு' கொஞ்சம் கவனிக்க வேண்டியது. "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்றால் டீச்சரை எதிர்பாராமல் பார்த்தேன். "தி வேன் ரேன் இன்டு எ ட்ரீ" என்றால் வேன் மரத்தில் மோதியது. முன்னால் யார், பின்னால் எது என்று பார்த்தால் குழப்பம் வராது.

மாற்றுச் சொல் போட்டால் சரியாகிவிடுமா?

ஒரே பொருளுக்குப் பல சொல், ஒரே சொல்லுக்குப் பல பொருள் என்று இரண்டையும் தொகுத்து வைக்கும் வேலையை நம் நிகண்டுகள் நெடுங்காலத்துக்கு முன்பே செய்திருக்கின்றன. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல்லின் பல பொருள்கள்தான். ஆங்கிலத்தில் ஒத்த பொருளுடைய சொற்களைத் தொகுத்த புகழ்பெற்ற நூல் 1852-இல் வந்தது. தொகுத்தவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர். இன்று போனில் 'சினனிம்' என்று தேடினால் வரும் பட்டியல்களுக்கு அதுதான் முன்னோடி.

அந்தப் பட்டியலை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். 'ரன்' என்று தேடினால் ஸ்ப்ரிண்ட், ஜாக், ஃப்ளோ, மேனேஜ், ஆபரேட், கன்டெஸ்ட் என்று ஒரே மூச்சில் வரும். இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் 'ரன்'னின் ஏதோ ஒரு பொருளுக்கு மட்டும் மாற்று. காலால் ஓடுவதற்கு ஸ்ப்ரிண்டும் ஜாக்கும் பொருந்தும், அவற்றுக்குள்ளும் வேகம் வேறு. பஸ்ஸைப் பிடிக்க ஜாக் செய்ய மாட்டோம், காலையில் உடம்புக்காக மெதுவாக ஓடுவதுதான் ஜாக். ஸ்ப்ரிண்ட் என்பது கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில் கடப்பது. ஆற்றுக்கு ஃப்ளோ பொருந்தும். கடைக்கு மேனேஜும் ஆபரேட்டும் வரும், ஆனால் மேனேஜ் என்றால் பொறுப்பை நிர்வகிப்பது என்ற வாடை அதிகம், ஆபரேட் என்றால் அலுவலக நடையாகவோ மெஷினைப் பற்றியதாகவோ தோன்றும். வீட்டுப் பேச்சில் 'ரன்' போதும், அரசு விண்ணப்பத்தில் 'ஆபரேட்' நன்றாக இருக்கும்.

சில இடங்களில் மாற்றே கிடையாது. "தி சைல்டு இஸ் ரன்னிங் எ ஃபீவர்" என்றால் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. இதில் ஃப்ளோவும் வராது, ஆபரேட்டும் வராது. 'ஹேவ்' என்று மொத்த வாக்கியத்தையும் மாற்றிச் சொல்லலாம், அவ்வளவுதான். "தி ட்ரெயின் இஸ் ரன்னிங் லேட்" என்பதும் அப்படியே. தர்மபுரி ஸ்டேஷனில் காத்திருக்கும்போது இதைக் கேட்டால், ரயில் எங்கோ சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தாலும் சரி, நேரத்துக்கு வராது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தேர்தலைப் பற்றிய சொல் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். இந்திய ஆங்கிலத்தில் 'கன்டெஸ்ட்' செய்கிறார். நம் ஊரில் "இந்தத் தடவை பாலக்கோட்டில் யாரு நிக்கறாங்க?" என்று கேட்கிறோமே, அது இங்கிலாந்து வழக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஒரே வேலைக்கு ஒரு நாட்டில் ஓடுகிறார்கள், இன்னொரு நாட்டில் நிற்கிறார்கள். அகராதியில் இவை ஒத்த சொற்கள்தான். ஆனால் நம் நாளிதழுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது 'கன்டெஸ்ட்' என்பதே பழக்கம்.

இனி நீங்களே முயன்று பாருங்கள்

வடிவங்களை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று 'ரன்', நேற்று 'ரேன்', 'ஹேவ்' அல்லது 'ஹேட்' முன்னால் வந்தால் மறுபடியும் 'ரன்'. 'ஹேவ் ரேன்' என்பது தவறு.

"சுகர் ரன்ஸ் இன் தேர் ஃபேமிலி." பின்னால் 'எதை?' என்பதற்கு விடை இல்லை. 'இன் தேர் ஃபேமிலி' என்று இருக்கிறது. ஆகவே தலைமுறை தலைமுறையாக வருவது: அவர்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் பரம்பரையாக உண்டு.

"வி ஆர் ரன்னிங் ஷார்ட் ஆஃப் டொமேட்டோஸ்." பாலக்கோடு மார்க்கெட்டில் வரத்துக் குறைந்த நாளில் ஓட்டல்காரர் சொல்வது. 'ஷார்ட் ஆஃப்' வந்ததால் கையிருப்பு குறைந்துவருகிறது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. தீர்ந்திருந்தால் 'ரன் அவுட் ஆஃப்'.

"கேன் யூ ரன் மீ டு தி பஸ் ஸ்டாண்ட்?" 'எதை?' என்பதற்கு விடை இருக்கிறது, அது 'மீ'. ஓர் ஆளை நடத்தவோ இயக்கவோ முடியாது, பின்னால் போகுமிடமும் வந்திருக்கிறது. ஆகவே, "என்னை வண்டியில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட முடியுமா?"